கரை ஒதுங்கியவை

முத்து வணிகர்களிடம் பத்துப் பித்தளைக் கிண்ணங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் துளைகள். முதல் கிண்ணத்தில் 20, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200 என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசிக் கிண்ணத்தில் 1000. துளைகள் பெருகப் பெருக அவற்றின் வாய் சிறுக்கும். மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் எடுத்த முத்தை இந்தக் கிண்ணங்களில்தான் சலித்தார்கள். அளவு பிரித்தபின் கண்ணும் விரலும் வேலையை எடுத்துக்கொள்ளும். உருட்சியிலும் ஒளியிலும் குறை சொல்ல முடியாதது ஆணிமுத்து. அதற்குக் கீழே படிப்படியாகப் பல தரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். உருவம் கோணியது மடங்கு. எதிலும் தங்காமல் விழுந்தது தூள். அது மருந்துக்கும், வசதி படைத்தவர்களின் வெற்றிலைச் சுண்ணாம்புக்கும் போனது.

இத்தனை நுட்பமாகத் தரம் பிரிக்கத் தெரிந்த கரை இது. அந்த நுட்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கண் தேடியதை மட்டும்தான் பார்த்தது. சிப்பியை ஆயிரம் ஆயிரமாக அள்ளி வந்து கரையில் குவித்து, வெயிலில் ஈ மொய்க்க நாள்கணக்கில் அழுகவிட்டு, தொட்டியில் அலசி முத்தைத் தேடி எடுத்தார்கள். முத்து போன பிறகு ஓடு மலையாகக் கிடந்தது. அந்த ஓட்டின் உள்பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முத்தில் இருக்கிற அதே ஒளி அங்கும் இருக்கிறது. இரண்டும் ஒரே பொருள். அரை மைக்ரான் தடிமன் உள்ள சுண்ணாம்புச் சில்லுகளை அந்த உயிர் அடுக்கடுக்காக வைத்து, இடையிடையே புரதத்தைப் பூசிக் கட்டியது. ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால்தான் அந்தப் பச்சையும் இளஞ்சிவப்பும் தோன்றி மறைகின்றன. அந்த அடுக்கு உருண்டையாக வளர்ந்தால் ராஜாக்களின் கழுத்துக்குப் போயிற்று. ஓட்டோடு ஒட்டி வளர்ந்தால் குப்பை.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பியையும் கல்லையும் கம்பி சுற்றிப் பதக்கமாக்கும் வேலையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். தூத்துக்குடியில் இருந்துகொண்டு அதை முத்தில் தொடங்காமல் எழுத முடியவில்லை. இந்த வேலை செய்கிறவர்கள் குனிந்து எடுப்பதெல்லாம், அந்தப் பத்துக் கிண்ணங்களின் பக்கமே போகாத பொருள்கள்.

சங்கின் கதை இன்னும் பழையது. கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிற சிற்றூர். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண் கடலைப் பின்னால் தள்ளிவிட்டது. தமிழகத் தொல்லியல் துறை 1968-69இல் அங்கே அகழ்ந்தபோதும், பிறகு 2021இல் மீண்டும் அகழ்ந்தபோதும் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்தன. முழு வளையல் ஒன்று கிடைத்தால் அதை அணிந்தவளைப் பற்றி யோசிக்கலாம். அறுத்து ஒதுக்கிய துண்டு கிடைத்தால்தான் அங்கே ஒரு பட்டறை இருந்தது, அரம் பிடித்த கை இருந்தது என்று சொல்ல முடிகிறது.

அந்த ஒதுக்கிய துண்டைச் சங்கப் புலவர் ஒருவர் பார்த்திருக்கிறார். அகநானூற்றின் 24ஆம் பாடலில், வேள்வி செய்யாத பார்ப்பனன் ஒருவன் வாளரத்தால் சங்கை அறுத்து வளை எடுக்கிறான். வளை எடுத்த பிறகு சங்கின் நுனிக்கொழுந்து மிஞ்சுகிறது, சுருண்டு, வெளுத்து, கூம்பி. இன்னும் விரியாத பகன்றை மொட்டுக்கு அதை உவமையாக்குகிறார் புலவர். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. பட்டறைக்குள் நின்ற ஒருவர் வளையலைப் பார்க்காமல் தரையில் கிடந்த கழிவைப் பார்த்து, அதில் ஒரு மொட்டைக் கண்டிருக்கிறார். கம்பி சுற்றுகிற கலைக்கு முன்னோடி யாரென்று கேட்டால், எந்தப் பொற்கொல்லருக்கும் முன்னால் அந்தக் கண்ணைத்தான் சொல்வேன்.

கரையின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளை இறக்கினார்கள் என்று கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் நூல் சொல்கிறது. பிற்காலத்தில் பரதவர்கள் கயிறு கட்டிய கல்லில் கால்வைத்து, மூச்சை அடக்கி அடியில் இறங்கினார்கள். போர்த்துக்கீசியர், 1658இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறியதே தவிர, இறங்கியவன் மாறவில்லை. முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகளான தூத்துக்குடிப் பார்களில் 1955இல் தொடங்கிய வரிசைதான் கடைசி. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதன்பின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் க. அழகர்சாமியின் குழு 1973இல் வளர்ப்பு முத்தை உண்டாக்கியது. 1981இல் சிப்பிக் குஞ்சுகளையே பண்ணையில் பொரிக்க வைத்தார்கள். பெரிய சாதனை. ஆனாலும் கடலடியில் தோலாயிரம் பார் மாதிரியான இடங்களில் முத்துச்சிப்பி பழைய அளவுக்குப் பெருகவில்லை. சங்குகுளி மட்டும் திரேஸ்புரத்தில் இன்னும் நடக்கிறது.

அந்தத் திரேஸ்புரத்துக் கரையில்தான் வயதான சங்குகுளிக்காரர் ஒருவர் என் கையைப் பார்த்துக் கேட்டார்.

"என்னத்தத் தம்பி பொறுக்குதிய?"

"கெடக்குற சிப்பிதான் அண்ணாச்சி. கம்பி சுத்திக் கழுத்துல போடறதுக்கு."

அவர் என் கையிலிருந்து ஒன்றை வாங்கி, கட்டைவிரலால் உள்பக்கத்தைத் தேய்த்து, வெளிச்சத்துக்குச் சாய்த்தார். "இது ஆவாது. செத்து ரொம்ப நாளாச்சு, வெயில் குடிச்சிட்டு. ஈரமா இருக்கும்போது எல்லாம் மினுங்கத்தான் செய்யும். வீட்டுக்குக் கொண்டுபோயி நல்லாக் காஞ்ச பொறவு பாருங்க. காஞ்சும் மினுங்குனா அதுதான் சரக்கு."

இதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஈரம் எல்லாக் கல்லையும் அழகாக்கும். கடல்நீர் கல்லின் சொரசொரப்பை நிரப்பி நிறத்தை ஆழமாக்குகிறது, காய்ந்ததும் பாதி அழகு போய்விடும். பொறுக்கியதில் பெரும்பகுதியைத் திரும்பக் கொண்டுபோய்க் கரையிலேயே போட வேண்டிவரும்.

எங்கே என்ன கிடைக்கும் என்பதில் இந்தக் கடற்கரை சீரானது இல்லை. துறைமுகத்தை ஒட்டிய கடல், தீவுகளின் மறைப்பில் அடங்கிக் கிடக்கும். மட்டியும் சிறு ஊரியும் கிடைக்கும், அவ்வளவுதான். தெற்கே திருச்செந்தூர் தாண்டி மணப்பாட்டுக்குப் போனால் அலைக்கு வேகம் இருக்கிறது. அங்கே திருச்சிலுவைக் கோயில் நிற்கிற குன்றே மணலும் சிப்பித் துகளும் இறுகிப் பாறையானது. கையில் எடுத்துப் பார்த்தால் கல்லுக்குள் சிப்பி விளிம்புகள் தெரியும். ஈரமணலில் அலை வடிந்த பிறகு கறுப்பும் சிவப்புமாகக் கோடுகள் படியும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். வெண்படிகக் கூழாங்கல் வேண்டுமென்றால் கடலை விட்டுத் தாமிரபரணியிடம்தான் போக வேண்டும். மலையிலிருந்து உருண்டு வந்த குவார்ட்ஸ் அது. சிப்பி, மோஸ் அளவையில் மூன்றரை, குவார்ட்ஸ் ஏழு. இரண்டையும் ஒரே பையில் போட்டால் சிப்பிதான் கீறல்படும்.

இன்னோர் இடத்திலும் கல் கிடக்கிறது. அங்கே மட்டும் குனியக் கூடாது. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துச் செம்மணல் தேரிகளில் விரல்நகம் அளவுக்குச் சில்லுக்கற்கள் தென்படும். அவை கற்கால மனிதர் குவார்ட்ஸிலும் செர்ட்டிலும் செதுக்கிய நுண்கருவிகள். ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956இல் இவற்றைப் பற்றி எழுதிய கட்டுரை உலகத் தொல்லியலாளர்கள் அறிந்தது. கழுத்தில் தொங்க அழகாகத்தான் இருக்கும். கிடந்த இடத்தை இழந்துவிட்டால் அது வெறும் சில்லு.

இனி, ஒரு மட்டி ஓடு. உள்ளங்கையில் கால்வாசி இடம் பிடிக்கும் அளவு. வெளியே பழுப்பு வரிகள், உள்ளே பால் வெள்ளை. கீல் இருந்த மூக்குப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு துளை. கடுகளவுக்குச் சற்றுப் பெரியது, வெளியே அகன்று உள்ளே குறுகி, கம்பாஸ் வைத்து வரைந்த வட்டம். துரப்பணக் கருவியால் இவ்வளவு சுத்தமாக இந்த ஓட்டில் துளைபோடுவது எளிதில்லை. கவனம் தப்பினால் ஓடு பெயர்ந்துவிடும். இதைப் போட்டது நிலவுநத்தை. மணலுக்குள் ஊர்ந்துவந்து மட்டியைத் தன் தசையால் போர்த்தி, அமிலத்தைக் கசியவிட்டு ஓட்டை இளக்கி, அரம் மாதிரியான நாக்கால் சுரண்டிச் சுரண்டி, பிறகு உள்ளிருப்பதை உண்டுவிடும். கரையில் பொறுக்குகிற சிறுமிகள் இப்படித் துளை விழுந்த சிப்பியைத்தான் நூலில் கோத்துக்கொள்கிறார்கள். கம்பி வேலைக்காரருக்கும் இது வரம். ஆனால் நூறு சிப்பியில் எத்தனைக்கு இந்தத் துளை இருக்கப்போகிறது? மற்றதையெல்லாம் துளைக்காமல் கட்ட வேண்டும்.

கட்டுவது இப்படி. பென்சில் முனையின் கரிக்குச்சி அளவில் தடித்த கம்பி மூன்று, நூல் மாதிரி மெல்லிய கம்பி ஒன்று. தடித்த மூன்றையும் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து, நடுவில் மெல்லிய கம்பியால் ஐந்தாறு சுற்றுச் சுற்றி இறுக்கினால் அது பட்டையாகிவிடும். அந்தப் பட்டையைக் கல்லின் விளிம்பில் வைத்துக் கையாலேயே வளைத்துக்கொண்டு வர வேண்டும். குறடு பிறகுதான். கல் எங்கே உள்வாங்குகிறதோ அங்கே கம்பியும் உள்ளே போகும், எங்கே புடைக்கிறதோ அங்கே விலகும். பிறகு முன்கம்பியைக் கல்லின் முகத்தின் மேலும் பின்கம்பியை முதுகின் மேலும் அங்கங்கே இழுத்துவிட வேண்டும். குறைந்தது மூன்று இடத்திலாவது இந்த அணைப்பு வேண்டும். இரண்டே இடம் என்றால் ஒரு நாள் பேருந்து ஏறும்போது கல் நழுவி விழும். உச்சியில் எல்லாக் கம்பியையும் சேர்த்துத் திருகி, ஆணியைச் சுற்றி வளைத்தால் சங்கிலி போகக் காது கிடைக்கும். முனைகளை மடக்கி உள்ளே செருகி, நகத்தால் ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் எங்கேயும் மாட்டக் கூடாது. மாட்டினால் கழுத்தில் கீறும்.

வட்டமாகவும் வழவழப்பாகவும் இருக்கிற கல்தான் இந்த வேலைக்கு மோசமான கல். கம்பிக்கு அதில் பிடிப்பே கிடைக்காது. மூலை உடைந்தது, இடுப்பு ஒடுங்கியது, ஒருபக்கம் பள்ளம் விழுந்தது, இவைதான் கம்பியைத் தாமே பிடித்துக்கொள்ளும். முத்தின் தரவரிசையில் மடங்கு என்று தள்ளியது எதுவோ, அந்தக் கோணல்தான் இங்கே வேலையைத் தாங்குகிறது. நான் இந்த வேலையை விரும்புவதற்கு இதுவே முதல் காரணம்.

கம்பிக்குக் கண்டகண்ட இடத்துக்குப் போக வேண்டாம். மோட்டார் வைண்டிங் கடையில் மிச்சத் துண்டுகள் கிடைக்கும். மேலே எனாமல் பூச்சு இருக்கும், அதைச் சுரண்டிவிட வேண்டும். செம்புக்கு ஒரு குணம் உண்டு. வளைக்க வளைக்க இறுகும். நாலைந்து முறை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்தால் படக்கென்று ஒடியும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் எஃகு கெட்டியாகும், செம்போ இளகிவிடும். ஆனால் கல்லைச் சுற்றத் தொடங்கியபின் காய்ச்ச முடியாது. ஆகவே கம்பியிடம் மூன்றாவது முறை மன்னிப்புக் கேட்க முடியாது. கையில் எடுப்பதற்கு முன்பே வளைவு மனதில் இருக்க வேண்டும்.

செம்பைப் பற்றி இந்த ஊரில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட முடியாது. ஸ்டெர்லைட் செம்பு உருக்காலை 1996இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2018 மே 22ஆம் நாள் அதை எதிர்த்து ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது, 2024இல் உச்ச நீதிமன்றமும் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. இந்த ஊரில் ஒரு முழம் செம்புக் கம்பியைக் கையில் எடுக்கிற யாருக்கும் அது நினைவுக்கு வராமல் இராது. வரவேண்டும். உலோகம் எங்கிருந்தோ சுத்தமாக வந்து சேர்வதில்லை. கடையில் புதுச் சுருள் வாங்காமல் வைண்டிங் மிச்சத்தைத் தேடிப் போவதற்குச் சிக்கனம் மட்டும் காரணம் இல்லை.

கிடைத்த பொருளை உலோகத்தில் பொதிந்து கழுத்தில் கட்டுவது தமிழருக்குப் புதிதில்லை. சங்கப் பாடல்களின் குழந்தைகள் புலிப்பல் தாலி அணிந்திருந்தார்கள். காட்டின் பல் அது, கழுத்தில் காவலாக மாறியது. பாக் நீரிணையில் ஐவிரல் சங்கின் ஓடுகளை நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டி இறக்கி, அதற்குள் புகுந்துகொள்ளும் பேய்க்கணவாயைப் பிடித்ததை மீன்வள அதிகாரி ஜேம்ஸ் ஹார்னெல் பதிவு செய்திருக்கிறார். செத்த ஓட்டுக்கு இரண்டாவது பயன் கண்டவர்கள் நகை செய்தவர்கள் மட்டும் இல்லை.

வெளியே ஒரு பெயர் சொல்ல வேண்டுமென்றால் அலெக்சாண்டர் கால்டர். அந்தரத்தில் அசையும் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற அமெரிக்கர். அவர் சுமார் 1800 நகைகளும் செய்தார். பித்தளைக் கம்பியையும் வெள்ளிக் கம்பியையும் சுத்தியலால் தட்டி, சுருட்டி, பின்னி. கூடுமானவரை பொடிவைத்துப் பற்றவைக்காமல். கடற்கரையில் அலை தேய்த்த கண்ணாடிச் சில்லும் பீங்கான் உடைசலும் அவர் கம்பிக்குள் வந்து உட்கார்ந்தன. 1955இல் கீரா சாராபாய் அழைத்து அகமதாபாத்துக்கு வந்து தங்கி வேலை செய்தார். அவருடைய நகைகளில் கம்பி தன்னை மறைத்துக்கொள்ளாது. சுத்தியல் பட்ட தடமும் திருகிய முடிச்சும் வெளியே தெரியும். நம்மூரில் பலர் கம்பியைப் பூவேலையாகச் சுருட்டிச் சுருட்டிக் கல்லையே மூடிவிடுகிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. கல்லைக் காட்டத்தானே கம்பி?

இராமேசுவரத்திலும் கன்னியாகுமரியிலும் கடைகடையாகத் தொங்கும் சிப்பிப் பொருள்களை இந்த வேலையோடு சேர்த்துப் பேசக் கூடாது. அங்கே பளபளப்பது பெரும்பாலும் ஆசிட்டில் கழுவிய ஓடு. உயிரோடு பிடித்து, சதையை அகற்றி, மூட்டைக்கணக்கில் விற்றதும் அதில் இருக்கும். கரை ஒதுங்கிய ஓட்டில் அந்த முழுமை இருக்காது. விளிம்பு தேய்ந்திருக்கும், கடற்பஞ்சு குடைந்த புள்ளிகள் இருக்கும், புழு கட்டிய சுண்ணாம்புக் குழல் ஒட்டியிருக்கும். அந்தக் குழலைச் சுரண்டி எடுக்காமல் அப்படியே வைத்துக் கம்பி சுற்றிய பதக்கம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் விரல் வைப்பது அந்தக் குழலின் மேல்தான்.

எடுக்கக் கூடாதவை உண்டு, அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பவளம் எந்த வடிவில் கிடந்தாலும், செத்து வெளுத்துக் கரை ஒதுங்கியிருந்தாலும், தொடக் கூடாது. 2001 முதல் எல்லாக் கற்பவளங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சில சங்கு, சிப்பி இனங்களும் அதே ஆண்டு பாதுகாப்புக்குள் வந்தன. 1986இல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் அனுமதி இல்லாமல் கால்வைக்கக் கூடாது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி வெட்டித்தான் இந்தத் தீவுகள் அலைக்குத் தாக்குப்பிடிக்காமல் போயின. விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு தேய்ந்து தேய்ந்து, இப்போது செயற்கைப் பாறைகளை அடுக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். சட்டம் தடுக்காத ஓட்டையும் எடுத்த உடனே பைக்குள் போடக் கூடாது. கவிழ்த்து மணலில் வைத்துச் சற்று நேரம் பார்க்க வேண்டும். பல ஓடுகளுக்குள் நண்டு குடியிருக்கும். சொந்த ஓடு இல்லாத அந்த நண்டு, வளர வளரப் பெரிய ஓட்டைத் தேடி மாறிக்கொண்டே இருக்கிறது. காலியான நல்ல சங்கு ஒன்றைக் கரையிலிருந்து எடுத்தால் ஒரு வீட்டை எடுக்கிறோம். ஆகவே உடையாத சுருள் சங்குகளை நான் விட்டுவிடுகிறேன். இருவாய்ச் சிப்பியும் உடைந்த துண்டும் கல்லும் போதும்.

சிப்பிப் பதக்கம் நெடுநாள் இருக்குமா என்று கேட்பார்கள். வியர்வையில் அமிலம் உண்டு, சென்ட்டில் உண்டு; சுண்ணாம்பு அதற்குக் கரையத்தான் செய்யும். கோடைக்குக் கோடை ஒளி கொஞ்சம் மங்கும். முத்துக்கும் இதே கதிதான், ஆணிமுத்தானாலும் சரி. போட்டுக் கழற்றியதும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து வைத்தால் பல வருடம் வரும். வினிகர், எலுமிச்சை, நகைக்கடைத் திராவகம் எதுவும் கிட்டே வரக் கூடாது. செம்பு கறுக்கும். சிலருக்குக் கழுத்தில் பச்சை பிடிக்கும், அவர்களுக்கு வெள்ளிக் கம்பிதான் சரி. கட்டு தளர்ந்தால் குறட்டின் நுனியால் முன்கம்பியைச் சிறு 'இசட்' மாதிரி நெளித்துவிட்டால் மீண்டும் இறுகிவிடும்.

அணிந்து அலுத்துவிட்டாலோ, இனி வேண்டாம் என்று தோன்றினாலோ, பின்பக்கம் இரண்டு இடத்தில் நறுக்கினால் போதும். கல்லில் துளை இல்லை, பசை இல்லை, கீறல் இல்லை. எடுத்த கரையிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடலாம். கம்பியைச் சுருட்டி வைத்தால் எடைக்கடைக்காரர் வாங்கிக்கொள்வார், செம்புக்கு இன்றும் நல்ல விலை தருகிறார்கள்.